டோக்கன் டிவியும் ஷாகிராவின் வெள்ளிக்கிழமையும்

"மல்லிகா மேடம் தன் சர்வீஸ்ல ஒரு தப்புகூடப் பண்ணினதில்லை" என்று எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பெண் எழுதியிருந்தாள். கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். நானும் மறுக்காமல் ஒரு கைகூப்பு போட்டுவிட்டேன். அந்தப் பொய்யைக் கிளப்பிவிட்டதே நான்தானே. ஓய்வு பெறுகிற அன்று கழுத்தில் மாலையைப் போட்டு, கையில் மைக்கையும் கொடுத்தால் வாய் சும்மா இருக்குமா?

அதோடு விட்டிருப்பேன். அடுத்த நாளே அதே குழுவில் இன்னொரு செய்தி வந்தது. பழைய சர்வரைக் கழற்றி எடுத்துவிட்டார்களாம். இனி எல்லாம் எங்கேயோ வாடகைக்குப் பிடித்த இடத்தில் ஓடுமாம், மெமரி போதாவிட்டால் ஒரு பட்டனைத் தட்டிக் கூட்டிக்கொள்ளலாமாம். ஆக, ஃபைலுக்குள் கிடக்கிற ஒரு கடிதத்தைத் தவிர, எனக்கு எதிரான சாட்சி எல்லாம் போய்விட்டது. இனி நானாக ஒப்புக்கொண்டால்தான் உண்டு.

எனக்குத் துறையூர்ப் பக்கம். அப்பா வெங்காயம் போடுகிறவர். பாலிடெக்னிக் முடித்த கையோடு கல்யாணம் செய்துகொடுத்துத் திருவெறும்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் அங்கே தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, தினமும் அதைத் துடைக்கிறவள் நான் என்பதால் அது என் பொறுப்பாயிற்று. பிறகு சர்வர் வந்தது, அதை ஓட்டுகிற லினக்ஸ் வந்தது. புத்தகம் பாதி, அடி பாதி என்று கற்றுக்கொண்டேன். பேருக்குப் பின்னால் 'சிஸ்டம் அட்மின்' என்று போட்டுக்கொண்ட அன்று வீட்டில் கேசரி கிளறினேன்.

என் யோக்கியதை தெரிய ஒரு சம்பவம் போதும். சர்வர் வந்த வருசம் ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். நான் கொஞ்சம் பக்தி மிகுந்து, முன்பக்கம் முழுக்க நல்ல கெட்டிச் சந்தனமாகக் குழைத்து மூன்று பட்டை போட்டேன். அந்த முன்பக்கம் காற்று இழுக்கிற சல்லடை. மறுநாள் சர்வர் சூடேறி நின்றுவிட்டது, ஆபீஸ் முழுக்கக் கோயில் வாசனை. எல்லாரும் வந்து என்ன ஆச்சு என்றார்கள். "வோல்டேஜ்" என்றேன். ஒருத்தரும் மேலே கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்தே பத்து வருசம் ஓட்டினேன்.

எனக்கு மேலே இருந்தவர் ராகவன் சார். கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் மேனேஜர். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண், கையில் ஃபிளாஸ்க், வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். குரலை உயர்த்தி யாரையும் திட்டியதில்லை. கோபம் வந்தால் "நன்னா பண்ணியிருக்கேள்" என்பார். அதைக் கேட்டவர்கள் நேராகப் போய் அழுவார்கள். சர்வரை அணைத்துப் போட்டால், "எழுந்தருளியாச்சா?" என்றுதான் கேட்பார். நாளடைவில் எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் ஒருவர், "ஏங்க, யாரு எழுந்தருளணும், சேர்மனா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. சர்வரில் எது நின்றாலும் அரை மணிக்குள் ஒரு படிவத்தை நிரப்பி அவர் மேஜையில் வைக்க வேண்டும். நாலே கட்டம். நின்ற நேரம், நின்ற புரோகிராம், அதை எழுதியவர் பெயர், எடுத்த நடவடிக்கை. அடித்தல் திருத்தல் இருந்தால் புதுப் படிவம். அதேபோல, ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்வரை ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும், ராகு காலம் எமகண்டம் எல்லாம் பார்த்து. அதைக் கிண்டல் பண்ணாத ஆள் இல்லை, என்னையும் சேர்த்து. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்களை அத்தனை நாளும் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஷாகிரா வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருசம் முன்னால். பாலக்கரைப் பெண், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். சென்னையில் நல்ல கம்பெனியில் இருந்துவிட்டு, தனியாக இருந்த அம்மாவுக்காகத் திருச்சிக்கே திரும்பி வந்தவள். ரத்தப் பரிசோதனை முடிவுகளை வாங்கி, ரிப்போர்ட்டாக்கி, துறையூர் கிளை வரைக்கும் அனுப்புகிற புரோகிராமை மொத்தமாகத் திருப்பி எழுதினாள். ஆறு மாதம் தற்காலிகம், அதற்குப் பிறகு நிரந்தரம் என்பது பேச்சு. அந்த ஆறு மாதம் மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை முடிவதாக இருந்தது. இந்த ஊரில் அவள் படிப்புக்கு ஏற்ற வேலை வேறு எங்கேயும் கிடைக்காது. போனால் மறுபடி சென்னைதான், அம்மா மறுபடி தனியாகத்தான்.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அவள் புரோகிராம் செத்தது. வெளிக் கிளைகளிலிருந்து ரத்த மாதிரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிகிற வேளை. ரிப்போர்ட் வாங்க வந்தவர்கள் ஹாலில் கத்த ஆரம்பித்தார்கள். நான் சர்வர் பதிவைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தேன். மெமரி தீர்ந்துவிட்டது, இன்ன புரோகிராமைக் கொன்றேன், அது பத்து ஜிபி பிடித்திருந்தது என்று லினக்ஸின் மையமான கர்னல் எழுதிவைத்திருந்தது. ஷாகிராவின் புரோகிராம். படிவத்தை நிரப்பினேன், அதை மறுபடி ஓடவிட்டேன். செவ்வாயும் பத்தரைக்குச் செத்தது. புதனும் அப்படியே.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லினக்ஸில் மெமரி முழுக்கத் தீர்ந்தால் கர்னல் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று இடம் பண்ணும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் நிரம்பி வழிகிறபோது கண்டக்டர் ஒருத்தரை இறக்கிவிடுகிற மாதிரிதான். ஆள் கொஞ்சம் பருமனாக இருந்தால் அவரைத்தான் முதலில் இறக்குவார். இறங்கினவர் பஸ்ஸை நிரப்பினவர் என்று அர்த்தம் கிடையாது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆனாலும் படிவத்தில் 'நின்ற புரோகிராம்' என்று கட்டம் இருந்தது, 'நிறுத்த வைத்தது எது' என்று கட்டம் இல்லை. மூன்று நாள் ஒரே பெயரை எழுதினால் கைக்கு அது பழகிவிடும். அதோடு, ஒளிக்காமல் சொல்கிறேன், ஷாகிராவைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். வந்த மூன்றாம் நாளே, "வோல்டேஜ்னா எந்த வோல்டேஜ் மேடம்?" என்று கேட்டவள் அவள்.

புதன் மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டார்கள். கூடம் அவர்களுடையது. "யார் தப்புன்னு எழுத்துல குடுங்க மல்லிகா. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு உக்காந்து முடிவு பண்ணிடலாம்" என்றார்கள். நான் எழுத்தில் கொடுத்தேன். 'மேற்படி ஷாகிரா எழுதிய புரோகிராம் அளவுக்கு மீறி மெமரியைத் தின்பதே காரணம்' என்று, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. ராகவன் சார் படித்துப் பார்த்துவிட்டு, பிழை இல்லை என்று தலையாட்டினார்.

வியாழக்கிழமை நாலாவது சாவு. மத்தியானம் ஷாகிரா என் மேஜைக்கு வந்தாள். கையில் சர்வர் பதிவு, முழுசாக அச்சடித்து, பென்சிலால் கோடு போட்டு.

"மேடம், அடிச்சவனை விட்டுட்டு அடிபட்டவன் பேர்ல கேஸ் எழுதியிருக்கீங்க."

"உக்காரும்மா."

"உக்கார நேரமில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. கடைசி வரிக்கு மேல ஒரு பட்டியல் இருக்கே, அதைப் படிச்சீங்களா?"

கர்னல் ஒரு புரோகிராமைக் கொல்லும் முன் அப்போது ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் காட்டும். யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று. படித்தேன் என்றேன். பொய் இல்லை, கண்ணை ஓட்டியிருந்தேன். கடைசி வரியில் ஷாகிராவுடையது பத்து ஜிபி, மேலே பட்டியலில் மற்றது எல்லாம் அதற்குக் குறைவு, ஒன்றே ஒன்று நாலு ஜிபி.

"அந்த நாலு நாலு இல்லை மேடம். கடைசி வரியில இருக்கிறது கேபிக் கணக்கு. பட்டியல்ல இருக்கிறது மெமரியைப் பக்கம் பக்கமா எண்ணுற கணக்கு, ஒரு பக்கம்னா நாலு கேபி. ரெண்டையும் ஒரே கணக்கா வச்சுப் படிச்சிருக்கீங்க. நாலால பெருக்குங்க."

பெருக்கினேன். பதினாறு. இருந்ததே முப்பத்திரண்டு ஜிபி, அதில் சரிபாதி. அந்த வரிசையில் பெயரைப் பார்த்தேன். டோக்கன் டிவி.

காத்திருக்கும் ஹாலில் டோக்கன் எண் காட்டுகிற டிவி அது. எல்லாக் கிளையிலும் மாட்டியிருந்தது. ராகவன் சார் ஐம்பது வயதுக்கு மேல் புத்தகம் வாங்கிப் படித்து, தானே எழுதிய புரோகிராம். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் அன்றைய திதி, நட்சத்திரம், 'வெறும் வயிற்றில் வரவும்', நடுநடுவே பெருமாள். அவருக்கு அது பிள்ளை மாதிரி. அப்போது வைகுண்ட ஏகாதசி உற்சவம் நடந்துகொண்டிருந்தது, பகல்பத்து என்கிற முதல் பத்து நாள் முடிந்து, இராப்பத்து என்கிற அடுத்த பத்து நாள். தினமும் அவர் மைத்துனர் போனில் எடுத்து அனுப்புகிற பெரிய பெரிய படங்களை ஏற்றிக்கொண்டே இருந்தார். உற்சவம் முடிகிற வரைக்கும் படங்களின் வரிசை கலையக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை அணைத்துப் போடுவதையும் நிறுத்தச் சொல்லியிருந்தார். காட்டி முடித்த படத்தைப் புரோகிராம் கீழே போடுவதே இல்லை. எல்லாவற்றையும் மெமரியிலேயே சேர்த்து வைத்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஞாயிறுதோறும் அணைத்துப் போடுகிறபோது அது காலியாகிவிடும், இப்போது அதுவும் இல்லை.

"சரி," என்றேன், "பதினாறு பிடிச்சிருந்தா கர்னல் அதைத்தானே கொன்னிருக்கணும்? உன்னோடதை ஏன் கொல்லுது?"

ஷாகிரா பென்சிலை அதே வரிசையின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே மைனஸ் ஆயிரம் என்று இருந்தது. அந்த எண் இருந்தால் என்ன ஆனாலும் அந்தப் புரோகிராமைக் கர்னல் தொடாது. பக்கத்தில் இருக்கிறதைத்தான் கொல்லும்.

"இதைப் போடணும்னா சர்வரோட முழு அதிகாரம் வேணும். அது ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. ராகவன் சாருக்குப் பாஸ்வேர்டே மறந்துபோச்சு, உங்ககிட்டதான் கேப்பாரு. அப்ப யாரு மேடம் போட்டது?"

அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு வருசம் முன்னால் டாக்டரம்மா விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்த அன்று டிவி கறுத்துக் கிடந்தது. "இது ஒருநாளும் நிக்கப்படாது மல்லிகா" என்று ராகவன் சார் சொன்னார். அதற்கென்ன என்று, கர்னல் அதைத் தொடாதபடி ஒரே ஒரு வரி எழுதிவைத்தேன். எழுதினதையே மறந்தும் போனேன். "பாக்கறேன்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் போனதும் அந்தக் கோப்பைத் திறந்தேன். வரிக்கு மேலே, 'சார் சொன்னபடி, மல்லிகா' என்று என் குறிப்பு வேறு. சத்தமில்லாமல் அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. தோன்றவில்லை என்று எழுதினால் இந்தக் கட்டுரையும் அந்த மைக் பேச்சு மாதிரி ஆகிவிடும்.

அழிக்கவில்லை. ராகவன் சாரிடம் போனேன். அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். பட்டியலைக் காட்டிச் சொன்னேன். எண்ணை யார் போட்டது என்பதை மட்டும் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிட்டேன்.

"அப்போ அடியேனோட புரோகிராம்தான் எல்லாத்தையும் விழுங்கறதுங்கறேளா?"

"ஆமாங்க சார்."

அவர் மறுபடி காபியை ஆற்ற ஆரம்பித்தார். காபி ஆறிப்போய்விட்டது. "ஞாயித்துக்கிழமையோட உற்சவம் பூர்த்தியாயிடும். திங்கட்கிழமை நிறுத்திப் பார்ப்போம். நடுவில நிறுத்தறது உசிதமில்லை."

"சார், அந்தப் பொண்ணுக்கு வெள்ளிக்கிழமை."

"பெருமாள் பார்த்துப்பார்."

பெருமாள் பார்த்துக்கொள்வார்தான். ஆனால் சர்வர் பாஸ்வேர்ட் என்னிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, யாரிடமும் சொல்லாமல், ஓடிக்கொண்டிருந்த டோக்கன் டிவியின் மைனஸ் ஆயிரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சைபர் போட்டேன். டிவியை நிறுத்தவில்லை, சாரின் சொல்லை மீறவில்லை. மற்ற எல்லாரையும் போல அதுவும் வரிசையில் நிற்கட்டும் என்றுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனேன்.

அந்த அறைச் சுவரிலும் ஒரு டோக்கன் டிவி உண்டு. ரத்தினக் கவசமான ரத்னாங்கியில் பெருமாள் ஜொலித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் ராகவன் சார், எதிரே ஷாகிரா, நடுவில் என் கடிதம். டாக்டரம்மா அதை நிதானமாகப் படித்தார்கள். ஷாகிரா தன் பட்டியலை எடுத்து விளக்க ஆரம்பித்தாள். டாக்டரம்மா ரத்தத்தைப் படிக்கிறவர்கள், கர்னல் பட்டியலை எங்கே படிப்பார்கள். "அது இருக்கட்டும்மா, நின்னது உன்னோடதுதானே?" என்றார்கள். பத்தரை ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பத்தேமுக்கால் ஆயிற்று. டிவியில் 'வெறும் வயிற்றில் வரவும்' வந்து போனது. இன்றைக்கென்று பார்த்து, மாதிரிகள் கொண்டுவருகிற துறையூர் வண்டி தாமதமோ என்று வாட்ச்சைப் பார்த்தேன். டாக்டரம்மா பேனா மூடியைத் திருகினார்கள்.

டிவி கறுத்தது.

ராகவன் சார் பாதி எழுந்துவிட்டார். டாக்டரம்மா போனை எடுத்து, "ரிப்போர்ட் நின்னுடுச்சா?" என்று கேட்டார்கள். ஸ்பீக்கரில் லேப் பெண்ணின் குரல்: "இல்லைங்க டாக்டர், இன்னிக்கு நிக்கவே இல்லை. சர்ர்ருன்னு வருது." அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஹாலில் இருந்த ஒரு மாமி, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இங்க யாரு பெரியவா? சேவை நடுவில பெருமாள் மறைஞ்சுட்டாரே." அவரை நர்ஸ் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். ஷாகிரா உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே குனிந்துகொண்டாள். நான் சிரித்துத் தொலைத்துவிடக்கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

லேப்டாப்பில் பதிவின் கடைசி வரியைத் திறந்து வைத்தேன். கொல்லப்பட்டது: டோக்கன் டிவி. பிடித்திருந்தது பதினாறு ஜிபிக்கு மேல். ராகவன் சார் கண்ணாடியை ஏற்றி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். "படிவம் குடுங்கோ."

கொடுத்தேன். உட்கார்ந்து, அழகான கையெழுத்தில் நாலு கட்டத்தையும் நிரப்பினார். எழுதியவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை இனிஷியலோடு எழுதினார். ஷாகிரா பக்கம் அந்தத் தாளைத் திருப்பிவைத்து, "க்ஷமிக்கணும்மா. அடியேன் பண்ணின தப்புக்கு உன்னைக் கூண்டில ஏத்திட்டோம்" என்றார். டாக்டரம்மா என் கடிதத்தை என்னிடமே நீட்டி, "இதை வாபஸ் வாங்கறேன்னு இன்னிக்கே எழுதிக் குடுங்க. அது வந்தாத்தான் இந்தப் பொண்ணோட நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போடமுடியும்" என்றார்கள். எண்ணைப் போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் வாபஸ் கடிதத்தை அடித்து, ஒரு நகலை ஷாகிராவுக்கும் அனுப்பினேன். 'சில தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தவறு என்பதால், மேற்படி கடிதம் திரும்பப் பெறப்படுகிறது.' நல்ல வாசகம் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிசத்தில் அவள் அதை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், இந்தத் தொழில்நுட்பக் காரணம்ங்கிறவங்க யாரு? திருவெறும்பூர் பஸ்ல வந்து போறவங்களா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முந்தின நாள் உட்கார நேரமில்லை என்றவள்.

"ராகவன் சார் தன் பேரை எழுதும்போது நீங்க ஜன்னலைப் பாத்துட்டு இருந்தீங்க. உங்களைத்தான் பாத்துட்டு இருந்தேன். எங்கம்மா நாலு நாளா சரியாச் சாப்பிடலை மேடம். நான் மறுபடி கிளம்பிடுவேன்னு. இந்தக் கடிதத்தை எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும். தப்பு பண்ணினது யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

வெட்கமாகிவிட்டது எனக்கு. அவ்வளவு வருச வேலையில் யாரும் என்னை அப்படி உட்கார்த்தி வைத்துக் கேட்டதில்லை. கடிதத்தைக் கிழித்துவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக அடித்தேன். 'டோக்கன் டிவியைக் கொல்லக்கூடாது என்று சர்வரில் எழுதிவைத்தது நான். அதை மறந்துவிட்டு, பதிவைப் பாதி மட்டும் படித்துவிட்டு, ஷாகிராமேல் கடிதம் எழுதியதும் நான். அந்தக் கடிதத்தை வாபஸ் பெறுகிறேன். மல்லிகா, சிஸ்டம் அட்மின்.'

அச்சடித்து நீட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"பாதின்னு போட்டிருக்கீங்க. கடைசி வரி மட்டும்தானே படிச்சீங்க?" என்று தாளை என் பக்கம் தள்ளி, மேலே பேனாவை வைத்தாள்.

'பாதி'யை அடித்துவிட்டு 'கடைசி வரி' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.